பழகும் நாட்கள்

பதினோராம் நாள் மதியம் மூன்று மணிக்கு உலகு வீட்டைக் கலைக்க ஆரம்பித்தாள். முழுப்பெயர் உலகம்மாள், நாலரை வயதுக் குழந்தை. சுவிட்சுகளை அணைத்தாள், மேஜை விளக்கின் வயரைப் பிடுங்கினாள், சாப்பாட்டு மேஜையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி நாற்காலி மெத்தைகளை உருவிப் போட்டாள். அம்மா சொர்ணம் எடுத்து வைக்க வைக்க, அவள் மறுபடி உருவினாள். பொழுது சாயும்வரை ஓட்டமும் அழுகையும். மறுநாள் மூன்று மணிக்கும் அதேதான். இருபத்தொன்றாம் நாள்வரை ஒரு நாள் தவறவில்லை.

அது சொர்ணத்தின் வீடு அல்ல, எங்களுடையது. சரியாகச் சொன்னால், அந்த வீடுதான் எங்கள் கருவி.

திருச்சியில் காவிரிக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு படுக்கையறை கொண்ட சாதாரண வீடு. பெயர் அவதானி. தரைக்கு அடியில் அரிசிமணி அளவு உணரிகளை லட்சக்கணக்கில் பதித்திருக்கிறோம். யாருடைய கால் எங்கே, எவ்வளவு அழுத்தத்தில் பட்டது என்று அவை அறியும். சுவர்களிலிருந்து மிக மெல்லிய ரேடியோ அலைகள் கிளம்பி, குழந்தையின் மேல் பட்டுத் திரும்பும். அந்த எதிரொலியில் மூச்சும் இதயத்துடிப்பும் தெரியும். கேமரா கிடையாது. குழந்தைகளைப் படம் பிடிக்கச் சட்டம் அனுமதிக்காது; எனக்கும் அது சரியென்றே படும். ஆகவே அவதானிக்குக் கால் தெரியும், மூச்சு தெரியும். கை என்ன செய்கிறது என்பது தெரியாது.

குடும்பம் அங்கே இருபத்தொரு நாள் குடியிருக்கும். சமைக்கலாம், தூங்கலாம், சண்டை போடலாம். சில நாட்கள் அங்கே எதுவுமே மாறாது. அதே பாட்டு, அதே வெளிச்சம், அதே பொம்மை. சில நாட்களில் நாங்கள் போய்க் கட்டிலை நகர்த்துவோம், அலமாரிச் சாமான்களைப் பெட்டியில் அடைத்து வேறு அறைக்குக் கொண்டுபோவோம். முன்னதற்கு மாறா நாள் என்று பெயர், பின்னதற்கு மாற்ற நாள். குழந்தை எந்த நாளில் நிம்மதியாக இருக்கிறது, எந்த நாளில் தவிக்கிறது என்று வீடு கணக்கெடுக்கும். கடைசியில் ஆட்டிசமா, ஏ.டி.எச்.டி.யா, இரண்டுமா, எதுவுமில்லையா என்று சொல்லும்.

நான் ஹெப்சிபா, அந்த வீட்டின் பொறியாளர். அதன் விதிகளில் பாதி நான் எழுதியவை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இருபத்திரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு முடிவைச் சொல்ல உட்கார்ந்தோம். எதிரே சொர்ணமும் அவள் கணவர் இசக்கிமுத்துவும். ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சி ஒன்றில் ராட்சத ராட்டினம் ஓட்டுகிற குடும்பம், திருநெல்வேலிப் பக்கம். உலகு மேஜைக்கு அடியில் என் செருப்பு வாரைக் கழற்றி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் குழந்தை மருத்துவர் நாச்சியப்பன் அறிக்கையைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்தார்.

"ஏ.டி.எச்.டி.ன்னு சொல்லுது. தொண்ணூத்தோரு சதவீதம். ஆட்டிசம் வெறும் ஆறு."

"அப்படின்னா என்ன டாக்டர்? ரெண்டும் ஒண்ணுதான்னுல்லா எங்க ஆளுக சொல்லுதாவ" என்றார் இசக்கிமுத்து.

நாச்சியப்பனுக்கு இந்தக் கேள்வி கேட்கப்படுவது ரொம்பப் பிடிக்கும். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு பிள்ளைங்கன்னு வெச்சுக்குங்க. ரெண்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க, ரெண்டும் திரும்பலை. முதல் பிள்ளை கையில ஒரு டப்பா மூடி. அதைச் சுத்தறதுலேயே முழுசா இருக்கு. உங்க குரல் அதுக்குள்ள போகவே இல்லை. ரெண்டாவது பிள்ளைக்குக் குரல் கேட்டுச்சு. திரும்பத்தான் பார்த்தது. திரும்புற வழியில சுவத்துல ஒரு பல்லி. பல்லியைப் பார்த்ததுல உங்களை விட்டுடுச்சு. வெளியில நிக்கிற நமக்கு ரெண்டும் 'சொன்னா கேக்காத பிள்ளை'."

"அது சரிதான்" என்று இசக்கிமுத்து சிரித்தார்.

"முதல் பிள்ளைக்கு எல்லாம் இருந்த இடத்துல இருக்கணும். மாத்தினா வலிக்கும். ரெண்டாவது பிள்ளைக்கு மாறாம இருந்தா வலிக்கும், புதுசா எதாவது வந்துக்கிட்டே இருக்கணும். முதல்ல சொன்னது ஆட்டிசம், ரெண்டாவது ஏ.டி.எச்.டி. சில பிள்ளைகளுக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கும். அழுகையை மட்டும் கேட்டா எது எதுன்னு சொல்ல முடியாது. அதுக்குத்தான் இந்த வீடு."

"உங்க பாப்பா மாறா நாள்ல ஓட்டமா ஓடியிருக்கா. மாற்ற நாள்ல, நாங்க சாமானைக் கட்டி நகர்த்தினப்போ, மூச்சு அப்படியே சீராயிடுச்சு" என்று நான் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினேன். "இவ்வளவு தெளிவா எப்பவாவதுதான் வரும்."

சொர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"புதுசுன்னா பிடிக்கும்னா சொல்லுதிய? இவளுக்கா? தட்டு மாறுனா சோறு இறங்காது. போன தைக்குப் புதுச் சட்டை எடுத்தேன். அதைப் போட வெக்க நானும் எங்க அண்ணனும் சேர்ந்து மல்லுக்கட்டினோம். எங்க அண்ணன் கையில இன்னும் பல்லுத் தடம் இருக்கு."

நாச்சியப்பன் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் கணக்கை மறுபடி பார்த்தேன். கணக்கில் பிழை இல்லை.

"அடுத்த திங்கள்கிழமை துள்ளல் வகுப்புல இடம் இருக்கு" என்றேன். ஏ.டி.எச்.டி. குழந்தைகளுக்கான வகுப்பு அது. தினம் வேறு அறை, வேறு விளையாட்டு, வேறு ஆசிரியர். அந்தக் குழந்தைகள் அங்கே மீனாக நீந்துவதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டிசக் குழந்தைகளுக்கு ஒழுங்கு வகுப்பு என்று வேறொன்று உண்டு. அங்கே ஆசிரியரின் புடவை நிறம்கூட மாறாது. "ஆனா தினம் வரணும். நீங்க இங்கேயே தங்குறது நல்லது."

"அதுக்கெல்லாம் ஏற்பாடு ஆச்சு மேடம்" என்றார் இசக்கிமுத்து. "அடுக்குமாடி வீடு ஒண்ணுல லிஃப்ட் மெக்கானிக் வேலை சொல்லியிருக்கேன். திங்கள்கிழமை சேரணும். ராட்டினத்தை மச்சான் கொம்பையா பாத்துக்கிடுவாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொன்னபிறகு சிரிப்பு போய்விட்டது.

வகுப்பில் சேர்க்கும் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், போடாமல் கேட்டார்: "மேடம், நானும் மெஷின் பாக்குறவன். தப்பா நினைக்காதீய. அவ ஓடுனா ஓடுனாங்கீயளே, அந்த ஓட்டத்தைக் காட்ட முடியுமா?"

இப்படிக் கேட்ட முதல் தகப்பன் அவர்தான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வீட்டின் வரைபடத்தை மேஜை முழுக்கப் பரப்பி, பதினோராம் நாளின் காலடிகளைச் சிவப்புப் புள்ளிகளாக ஓடவிட்டேன். புள்ளி சுவிட்சுப் பலகைக்குப் போனது. மேஜை விளக்குக்குப் போனது. பிறகு சாப்பாட்டு மேஜையின் கிழக்கே போய், உடனே மேற்கே பாய்ந்து, மறுபடி கிழக்கே வந்து, மேற்கே பாய்ந்து, சிக்குண்ட நூல்போல ஆனது.

"பார்த்தீங்களா? ஒரு நாற்காலிக்கிட்ட போறா. அங்கே வேலை முடியறதுக்குள்ள எதிர்ப்பக்கம் ஓடுறா. எதுலயும் நிலைக்கலை. வீடு இதுக்கு 'சிதறிய ஓட்டம்'னு பேர் போட்டிருக்கு."

இசக்கிமுத்து அறிக்கையின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார்.

"மேஜை வட்டமா?"

"ஆமா. ஆறு நாற்காலி."

"முதல்ல எதுக்குப் போனா?"

"ஜன்னல் பக்கத்து நாற்காலிக்கு."

"அது ஒண்ணு. அடுத்தது நேர் எதிரே, நாலு. அப்புறம் ரெண்டு. அப்புறம் அஞ்சு. மூணு. ஆறு." அவர் சொல்லச் சொல்லப் புள்ளி அப்படியே போய்க்கொண்டிருந்தது. அவர் திரையைப் பார்க்கக்கூட இல்லை. "ஏளா சொர்ணம், வயரைப் பிடுங்குனான்னு போன்ல சொன்னியே. பிடுங்கி என்ன செஞ்சா?"

"என்ன செய்வா? முழங்கையில சுத்துனா. சுத்திச் சுத்திக் கட்டி வாசல்ல கொண்டுபோய் வெச்சா."

"சுத்துனாளா! அதை ஏன் நீ என்கிட்ட சொல்லல?"

"பிள்ளை வீட்டை உடைக்கான்னு சொன்னேன்லா. எப்படி உடைக்கான்னு வேற வெவரம் சொல்லணுமாக்கும்?"

இசக்கிமுத்து எழுந்து நின்றுவிட்டார். "மேடம், இவ உடைக்கல. பிரிக்கா. ராட்டினத்தைப் பிரிக்கா!"

பிறகு அவர் விளக்கினார். நான் இருபது வருடம் பொறியாளராக இருந்து கேட்ட விளக்கங்களில் அதற்கு இணை சிலவே. பத்து நாள் ராட்டினம் ஓடும். பதினோராம் நாள் மதியம் மூன்று மணிக்குப் பிரிக்க ஆரம்பிப்பார்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்துவது. அடுத்து விளக்குச் சரத்தைக் கழற்றி முழங்கையில் சுற்றிக் கட்டுவது. அதன்பிறகு ஆட்கள் உட்காரும் பெட்டிகள்.

"பெட்டியை வரிசையா கழட்டக் கூடாது மேடம். பக்கத்துப் பக்கத்துல ரெண்டைக் கழட்டினா மத்தப் பக்கம் கனம் கூடிப்போகும். சக்கரம் தன்னால சுத்திடும், கீழ நிக்கிறவன் கதி அவ்வளவுதான். அதனால ஒண்ணைக் கழட்டினா நேர் எதிர்ல இருக்கிறதைக் கழட்டணும். எதிர் எதிரா. இவ பொறந்ததுலேர்ந்து பாக்கா. பதினோராம் நாள் நான் அங்க பிரிச்சிட்டிருந்தேன். அதே நேரத்துல இவ இங்க பிரிச்சிருக்கா."

"லாரியும் வரல, யாரும் ஏத்தவும் இல்ல" என்றாள் சொர்ணம் மெதுவாக. "நான் வேற திருப்பித் திருப்பி மாட்டுனேன்."

"அதான் மறுநாளும் பிரிச்சிருக்கா."

நான் மற்ற பத்து நாட்களின் காலடிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். ஆறு நாற்காலிகளை எழுநூற்று இருபது விதமான வரிசையில் தொட முடியும். உலகு பதினோரு நாளும் ஒரே வரிசையில்தான் தொட்டிருந்தாள். உலகத்திலேயே மிக ஒழுங்கான ஓட்டத்துக்கு என் வீடு சிதறிய ஓட்டம் என்று பெயர் வைத்திருந்தது.

மேஜைக்கு அடியில் செருப்பு வார் கழன்று மாட்டியது.

"மாற்ற நாள்ல ஏன் அமைதியானா, ஹெப்சி?" என்று நாச்சியப்பன் கேட்டார். அவருக்கு விடை தெரியும். நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்.

"நாம சாமானைக் கட்டினோம். அப்பாடா, கிளம்பப் போறோம்னு நினைச்சிருக்கா."

"முதல் பத்து நாள் என்ன சொல்லுது?"

இங்கேதான் என் தவறு இருந்தது. புது வீட்டுக்கு வரும் எந்தக் குழந்தையும் முதல் சில நாட்கள் தன்னியல்பில் இராது. அதனால் முதல் பத்து நாட்களுக்குப் 'பழகும் நாட்கள்' என்று பெயர் வைத்து, அந்தத் தரவைக் கணக்கில் சேர்க்காமல் விடும்படி விதி எழுதியிருந்தேன். ஊரில் எல்லாருக்கும் பொருந்தும் விதி. ஒரே இடத்தில் குடியிருக்கும் எல்லாருக்கும். எந்த ஊரிலும் பத்தே நாள் தங்கிப் பழகிய உலகுக்கு முதல் பத்து நாள்தான் இயல்பான வாழ்க்கை. பதினோராம் நாள் முதல்தான் அவள் உலகம் தலைகீழானது. நான் நல்ல பாலைக் கொட்டிவிட்டுத் திரிந்த பாலைச் சோதித்திருக்கிறேன்.

அந்தப் பத்து நாட்களை எடுத்துக் கணக்கிட்டேன். ஆட்டிசம் எண்பத்தெட்டு.

இசக்கிமுத்து "அப்போ சரி" என்று கையைத் தட்டினார். நாச்சியப்பன் இல்லையென்று தலையசைத்தார்.

"சரியில்லை. காலையில ஒரு பாதியை நம்பினோம். இப்போ மத்தப் பாதி நமக்குப் பிடிச்சிருக்குன்னு அதை நம்புறோம். இது ரெண்டும் ஒரே தப்பு. நீங்க சொல்ற கதை அருமையா இருக்கு இசக்கிமுத்து. அருமையா இருக்கிறதாலேயே எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்கு எத்தனையாம் நாள்?"

"இருபத்திரண்டு" என்றேன்.

"இன்னைக்குத்தான் அடுத்த பிரிப்பு! புதுக்கோட்டையில, மூணு மணிக்கு" என்றார் இசக்கிமுத்து.

நாச்சியப்பன் ஒரு தாளை எடுத்தார். "கிளம்புறதுக்கு முன்னால எழுதி வெச்சுடுவோம். அங்கே போனபிறகு எழுதினா நமக்குத் தோதா எழுதிடுவோம். பொருட்காட்சி பிரிக்கிற இடத்துல சத்தம், கூட்டம், லாரி, சுத்தியல். ஏ.டி.எச்.டி. பிள்ளைக்கு அது கொண்டாட்டம். மூச்சு ஏறும், கவனம் நூறு பக்கம் தாவும். அப்படி ஆச்சுன்னா வீடு சொன்னதுதான் சரி, திங்கள்கிழமை துள்ளல் வகுப்பு. ஆட்டிசப் பிள்ளைக்குச் சாதாரணமா அந்த இடம் நரகம். ஆனா உலகுக்கு அது தெரிஞ்ச ஒழுங்குன்னா, அந்த இரைச்சலுக்கு நடுவுல மூச்சு இறங்கணும். இறங்கினா நீங்க சொன்னது."

எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். சொர்ணம் தாளை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல எங்க அண்ணனைக் கடிச்சதையும் சேருங்க" என்றாள். நாச்சியப்பன் சேர்த்துக்கொண்டார்.

உலகுவின் சட்டைக் காலரில் பொத்தான் அளவு உணரி ஒன்றைத் தைத்தோம். காரில் வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே வந்தாள். கீரனூர் தாண்டும்போது என் கைத்திரையில் அவள் இதயத்துடிப்பு நூற்று நாற்பது. நான் இசக்கிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் கதை பொய்த்துவிட்டால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, சரியான வகுப்புக்குப் போவாள். மெய்யாக இருந்து நாங்கள் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால்? தினம் ஒரு புது அறை, தினம் ஒரு புது முகம். ஒழுங்கு கேட்டுக் கதறுகிற குழந்தைக்கு மருந்து என்று சொல்லி அதைக் கொடுத்திருப்போம்.

மைதானத்தில் கால் வைத்ததும் என் காது அடைத்தது. இரும்பு இரும்பின் மேல் விழுந்தது. மூன்று லாரிகள் ஒரே சமயத்தில் பின்வாங்கின. யாரோ மைக்கை அணைக்க மறந்து, "டேய், மரணக்கிணறு பலகை எங்கடா?" என்று ஊருக்கே கேட்டுக்கொண்டிருந்தார். மிளகாய் பஜ்ஜிக்காரர் எண்ணெய்ச் சட்டியோடு நடந்து போனார். நடுவே, விளக்கெல்லாம் கழற்றப்பட்டு, பன்னிரண்டு பெட்டிகளோடு ராட்டினம்.

உலகு என் கையை உதறினாள். நேராக நடந்தாள், ஓடவில்லை. ராட்டினத்தின் வடக்கே கவிழ்த்து வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் கூடையின் மேல் ஏறி உட்கார்ந்தாள். கைத்திரையில் எண் இறங்கியது. நூற்று இருபது. நூற்றுப் பத்து. தொண்ணூற்றாறு. நான் உணரி கழன்று விழுந்துவிட்டதோ என்று போய்ப் பார்த்தேன். இல்லை. குழந்தை வாய்க்குள் ஏதோ முனகியபடி, கழற்றிய போல்ட்டுகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாளா எங்க சூப்பர்வைசரு!" என்று மேலிருந்து குரல் வந்தது. கொம்பையா. கையில் பல் தடம் உள்ளவர். "இருபது நாளா இவ இல்லாம போல்ட்டு நாலு காணோம் மாப்ள!"

முதல் பெட்டி இறங்கியது. அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு மீசைக்காரர், பெரிய சுறுசுறுப்போடு பக்கத்துப் பெட்டியின் ஆணியைக் கழற்றப் போனார். கூடை உருண்டது. உலகு அம்பாகப் பாய்ந்து அவர் லுங்கியை இரண்டு கையாலும் பிடித்து, எதிர்ப்பக்கம் இழுத்தாள்.

"ஏய் பாப்பா! ஏய்! லுங்கி, லுங்கிய விடு! யாராவது இந்தப் பிள்ளையப் பிடிங்கப்பா!"

"அவ இழுக்கிற பக்கம் போ வே!" என்று கொம்பையா கத்தினார். "எதிர்ப்பெட்டி! அவளுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல, மீசை வேற!"

மீசைக்காரர் ஒரு கையால் லுங்கியையும் மறுகையால் மானத்தையும் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். ஏழாவது பெட்டியின் கீழே அவரை நிறுத்திவிட்டு, உலகு திரும்பி நடந்து, கூடையை நிமிர்த்திக் கவிழ்த்து, உட்கார்ந்தாள். நூற்று முப்பதுக்கு எகிறியிருந்த எண் ஒரு நிமிடத்தில் தொண்ணூறுக்கு வந்தது. நாச்சியப்பன் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, படித்து, மடித்து, இசக்கிமுத்துவின் கையில் கொடுத்தார்.

"லிஃப்ட் வேலைக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடுங்க. நீங்க இவளுக்காக ஓரிடத்துல தங்கினா அதுதான் இவளுக்குக் கஷ்டம். இவ வீடு இதுதான், இது பதினோரு நாளுக்கு ஒருதரம் லாரியில ஏறும். அவ்வளவுதான்."

இசக்கிமுத்து தாளைப் பிடித்தபடி நின்றார். சொர்ணம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பள்ளிக்கூடம்?" என்றாள்.

அது ஒரு வாரப் போராட்டம். ஒழுங்கு வகுப்பின் ஆசிரியை ஒருவரை, பொருட்காட்சி போகும் ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்று நாச்சியப்பன் எழுதினார். நிரந்தர முகவரி இல்லாத குழந்தைக்கு ஆசிரியர் அனுப்ப விதி இல்லை என்று பதில் வந்தது. சொர்ணம் படிவத்தை வாங்கி, நிரந்தர முகவரி என்ற இடத்தில், 'ராட்டினத்திலிருந்து வடக்கே பதினாலு அடி, நீல லாரி' என்று எழுதினாள். எந்த ஊரானாலும் அந்த லாரி நிற்கும் இடம் அதுதான். நான் அளந்து பார்த்தேன். புதுக்கோட்டையில் பதினாலு அடி, காரைக்குடியிலும் பதினாலு அடி. அளவெடுத்த வரைபடத்தைப் படிவத்தோடு இணைத்து அனுப்பினோம். சிரித்தார்களோ என்னவோ, ஆசிரியையை அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வேறு வேலை மிச்சமிருந்தது. பழகும் நாட்கள் விதியை அழித்தேன். அதற்குப் பதிலாக, வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் முதலில் கேட்க ஒரு கேள்வி சேர்த்தேன்: உங்கள் வீட்டில் எது மாறவே மாறாது? பிறகு பழைய பதிவுகளைத் திறந்தேன். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் குழந்தைகள். நெல் அறுப்பு இயந்திரத்தோடு மாவட்டம் மாவட்டமாகப் போகும் குடும்பங்கள், அம்மா ஒரு வாரம் பகலும் ஒரு வாரம் இரவும் வேலை பார்க்கும் வீடுகள், இரண்டு ஊருக்கு நடுவே பங்கு போட்டு வளரும் பிள்ளைகள். எழுபத்து மூன்று பேரை மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரையும் நானே போனில் அழைத்து, தவறு எங்களுடையது என்று சொன்னேன். முப்பதாவது போனுக்குப் பிறகும் அந்த வாக்கியம் பழகவில்லை.

உலகுவின் காலர் பொத்தானை நாங்கள் கழற்றவில்லை. இரண்டு சுற்று அவளோடு போகட்டும், முழுக் கணக்கும் எடுத்துவிடலாம் என்று விட்டிருந்தோம். கணக்கை எடுக்க நான் தூத்துக்குடி போனேன். மாலை நேரம், கடற்காற்று, ராட்டினம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே நின்று வாசிக்கலாம் என்றால் இசக்கிமுத்து விடவில்லை.

"மேல வாங்க மேடம்! மேலேர்ந்து தெரியுத தூத்துக்குடி வேற!"

ஐந்தாம் பெட்டி. எப்போதும் அதுதான், உலகு வேறெதிலும் ஏறமாட்டாள். அவள் வலது ஓரம், அவர் இடது ஓரம், நடுவில் நான், மடியில் கைத்திரை. பெட்டி மேலெழும்போது முடிவு வந்தது. உலகம்மாள்: ஆட்டிசம் தொண்ணூற்று மூன்று, ஏ.டி.எச்.டி. நான்கு. நாச்சியப்பனுக்கு உடனே அனுப்பினேன்.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. பொத்தானின் அலைகள் குழந்தையோடு நிற்பதில்லை, ஆறடிக்குள் அதிக நேரம் இருக்கும் எவருடைய மூச்சையும் சேர்த்தே எடுக்கும் என்பதை நான் மறந்திருந்தேன். 'பதிவு செய்யப்படாத பெரியவர், ஆண்: ஏ.டி.எச்.டி. தொண்ணூற்று நான்கு.' பெரியவர்களைச் சோதிக்கச் செய்த கருவி இல்லை அது. இருந்தாலும் கோட்டைப் பார்த்தேன். புது ஊரில் முதல் இரண்டு நாள் அந்த மூச்சு ஆனந்தமாக இருந்தது. எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் தவித்தது. லாரி கிளம்பியதும் மறுபடி ஆனந்தம்.

"அண்ணே, ராட்டினத்துக்கு வர்றதுக்கு முன்னால எங்க வேலை பார்த்தீங்க?"

"எங்கன்னு சொல்ல? பாலிடெக்னிக் முடிச்சு ஸ்பின்னிங் மில்லு, மூணு மாசம். பஸ் டெப்போ, நாலு மாசம். காத்தாலைக் கம்பெனி, அது ரெண்டு மாசம் கூட இல்ல. எங்க அய்யா என்னைத் தலைமுழுகிட்டாரு."

"இங்கே?"

"ஒம்பது வருசம் மேடம்! எனக்கே ஆச்சரியம்தான்."

எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒரே லாரியில் போகிறார்கள், ஒரே ராட்டினத்தைப் பிரித்து மாட்டுகிறார்கள். அப்பாவுக்குப் பதினோரு நாளுக்கு ஒருமுறை ஊர் புதிதாகிறது. மகள் எந்த ஊருக்கும் போகவில்லை, அதே பதினாலு அடியில்தான் இருக்கிறாள். அந்த லிஃப்ட் வேலையில் சேர்ந்திருந்தால் ஒரே மாதத்தில் இருவரும் ஒன்றாக அழுதிருப்பார்கள், வேறு வேறு காரணத்துக்காக.

"அண்ணே, இந்தக் கருவி உங்களைப் பத்தியும் ஒண்ணு சொல்லுது."

"என்னையவா? என்ன சொல்லுது?" என்று முழுசாக என் பக்கம் திரும்பினார்.

நான் பொறுமையாக ஆரம்பித்தேன். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும் என்பதால், மூச்சுக்கோடு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்தில் பெட்டி உச்சிக்கு வந்தது. உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகளாகத் தெரிந்தன, அப்பால் துறைமுகம்.

"மேடம், மேடம்! அங்க பாருங்க, அந்தப் பெரிய கப்பல் திரும்புது! ஏ உலகு, பாருட்டி, கப்பலு!"

உலகு பார்க்கவில்லை. சக்கரத்தின் நடுவே அச்சு சுற்றுவதைப் பார்த்து, அதற்குத் தாளமாக முனகிக்கொண்டிருந்தாள். மீதியைக் கீழே இறங்கிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் கப்பலைப் பார்த்தேன்.